வரி கொடுத்தவர் பிள்ளை எங்கே?

புதுக்கோட்டை நகரின் விளிம்பிலே, வயல் முடிந்து வீட்டுமனை தொடங்கும் இடத்திலே, ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. அங்கே ஒரு நாள் பெற்றோர் கூட்டம். நாற்பது வீடுகளுக்குச் செய்தி சொல்லியிருந்தோம். வந்தவர் ஏழு பேர். அந்த எழுவரிலே ஒருவர், பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த முதியவர். கூட்டம் கலையும் நேரத்தில் மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். வீட்டு வரி கட்டிய ரசீது.

"தம்பி, நீங்க படிச்சவங்க. இதுலே பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு போகுதுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

பார்த்தேன். வீட்டு வரி என்று ஒரு தொகை. அதன்மேல் ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூலக வரி. பள்ளிக்கூடம் என்ற சொல்லே அந்தத் தாளில் இல்லை. "விசாரித்துச் சொல்கிறேன், ஐயா" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். கல்லூரியிலே வரலாறு பயின்று பட்டம் பெற்றவன் நான். அசோகன் நட்ட மரங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவன். என் பள்ளியின் கூரைக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று கேட்டால் விடை தெரியவில்லை!

அந்த வெட்கத்திலே பிறந்தது இக்கட்டுரை. வரி கொடுத்தவர் யார், அந்த வரியிலே எழுந்த பள்ளியில் அமர்ந்தவர் யார் என்ற இரண்டு கேள்விகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நம் நாட்டுக் கல்வியின் வரலாறே அதற்குள் அடங்கிக் கிடப்பது தெரியும்.

வெள்ளையர் ஆட்சியிலே, 1863ஆம் ஆண்டில், சென்னை மாகாண அரசு ஒரு சட்டம் செய்தது. ஊரார் விரும்பினால் தம்மீது தாமே வரி விதித்துக்கொண்டு பள்ளி நடத்தலாம் என்றது அச்சட்டம். மிகச் சில இடங்களைத் தவிர எவரும் முன்வரவில்லை. எனவே 1871இல் வேறொரு சட்டம் வந்தது. நிலத்தின்மீது, ஆண்டுக் குத்தகை மதிப்பில் ரூபாய்க்கு ஓர் அணா வரையில் சாலைக்கும் பிற பொதுப் பணிக்கும் வரி. பள்ளிகளுக்காக வீட்டின்மீது வரி. வீட்டு வரி என்றதும் எதிர்ப்புக் கிளம்பிற்று. சில ஆண்டுகளுக்குள்ளேயே அந்த வரி கைவிடப்பட்டது.

"படிப்பின் அருமை அறியாத மக்கள், ஆகவே பள்ளிக்கு வரி என்றதும் எதிர்த்தார்கள்" என்று எழுதிவிடுவது எளிது. ஆனால், தோழர்களே, அந்நாளைய ஊரை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். வரி தண்டுகிறவர் குடிசை வாயிலுக்கும் வருவார். ஆசிரியரோ அந்த வாயில் பக்கம் திரும்பவும் மாட்டார். பள்ளி எங்கே இருந்தது? அக்கிரகாரத்தின் நடுவே, கோயிலின் அண்டையிலே, சேரிப் பிள்ளையின் நிழலும் படக்கூடாத திண்ணையிலே! கொடுக்கும் கைக்குத் தீட்டு இல்லை, கொடுத்த காசுக்குத் தீட்டு இல்லை; கற்க வந்த பிள்ளைக்கு மட்டும் தீட்டு! தன் பிள்ளை நுழைய முடியாத கட்டிடத்துக்கு உழைப்பாளி ஏன் மனமுவந்து வரி கொடுக்க வேண்டும்? அவன் எதிர்த்தது படிப்பையா, அநீதியையா?

இது வெள்ளையர் நேரே ஆண்ட பகுதியின் கதை. நமது புதுக்கோட்டையோ, நாற்புறமும் வெள்ளையர் மாவட்டங்கள் சூழ நடுவிலே தீவுபோல் கிடந்த தொண்டைமான் சமஸ்தானம். இன்றைய மாவட்டம் பிறந்தது 1974ஆம் ஆண்டு சனவரித் திங்களில்தான். திருச்சி மாவட்டத்திலும் தஞ்சை மாவட்டத்திலும் இருந்து பிரித்து ஒட்டப்பட்ட நிலம் இது. தஞ்சையோடு இருந்த அறந்தாங்கி வட்டாரத்தை மாகாணச் சட்டங்கள் ஆண்டன. சமஸ்தானப் பகுதியை 1948 மார்ச்சு 3ஆம் நாள் வரையில் அரண்மனையும் திவானும் ஆண்டனர்.

அரண்மனை கல்வியை அறவே மறந்துவிடவில்லை. 1857இலேயே மன்னர் பெயரால் இலவசப் பள்ளி ஒன்று தலைநகரில் தொடங்கிற்று. அதுவே பின்னாளில் மன்னர் கல்லூரியாக வளர்ந்தது. இலவசம் என்ற சொல்லைக் கண்டு ஏமாந்துவிடாதீர்கள். அந்தச் செலவு மன்னரின் வியர்வையிலா விளைந்தது? வானம் பார்த்த பூமியிலே, கண்மாய் நீரை நம்பி உழுதவனின் தீர்வை அது. அதே கருவூலத்திலிருந்துதான் நவராத்திரி நாட்களில் அரிசி தானம் நடந்தது. அரிசியோடு சேர்த்துக் கொடுப்பதற்கென்றே அம்மன் காசு என்ற செப்புக் காசும் அச்சிடப்பட்டது. தானம் வாங்கப் பார்ப்பனர் திரண்டு வந்தனர். நெல் விளைவித்தவன் தொலைவில் நின்று பார்த்தான்.

கல்லூரிக் கதவு எப்படித் திறந்தது என்பதற்கு ஒரு சான்று போதும். முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர். தந்தையார் அதே கல்லூரியில் தலைமை ஏற்றிருந்தவர். தாயார் இசை வேளாளர் குலத்தவர். 1902இல் மெட்ரிகுலேஷன் தேறிய அந்தப் பெண், அடுத்துக் கல்லூரியில் சேர விரும்பியபோது எதிர்ப்பு எழுந்தது. பெண் என்பது ஒரு குற்றம். தாய் பிறந்த குலம் இன்னொரு குற்றம்! மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பை மீறி இடம் கொடுத்தார். எனினும் மாணவர் கண்ணில் படாதவாறு திரைக்குப் பின்னே அமர்ந்துதான் அவர் பாடம் கேட்க நேர்ந்தது. அந்தத் திரைக்குப் பின்னிருந்து வந்தவர்தான் மருத்துவர் ஆனார். சென்னைச் சட்ட மன்றத்தில் அமர்ந்த முதல் பெண்மணி ஆனார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். ஆசிரியரின் மகளுக்கே, அதுவும் மன்னர் தலையிட்ட பிறகே, திரை போட்டுத்தான் இடம் என்றால், கந்தர்வகோட்டையிலும் ஆலங்குடியிலும் களை பறித்த பெண்ணின் மகளுக்கு என்ன இடம் இருந்திருக்கும்?

இனி மாகாணத்துக்குத் திரும்புவோம்; ஏனென்றால் பிற்காலத்தில் புதுக்கோட்டையும் ஏற்க நேர்ந்த முறை அங்கேதான் உருவாயிற்று. 1920ஆம் ஆண்டில் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் பிறந்தது. நகராட்சிகளும் போர்டுகளும், சொத்து வரி, தொழில் வரி, நிலத்தின்மீதுள்ள வரி ஆகியவற்றின்மேல் கல்வி வரி என்று கூடுதலாகத் தண்டலாம். அப்படித் தண்டும் தொகைக்குக் குறையாத தொகையை அரசும் சேர்த்துக் கொடுக்கும். விரும்பும் இடங்களில் கட்டாயக் கல்வியையும் புகுத்தலாம். நல்ல சட்டம்தான், ஐயமில்லை.

அதே 1920இல் சென்னை மாநகராட்சி என்ன செய்தது தெரியுமா? வெள்ளுடை வேந்தர் தியாகராயர் தலைமையிலே, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகலுணவு கொடுக்கத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவு. ஊரின் வரி ஊர்ப் பிள்ளையின் வயிற்றிலே சோறாயிற்று! ஆனால் தொடக்கக் கல்வி நிதியை அதற்குச் செலவிடக் கூடாது என்று வெள்ளையர் அரசு மறுத்தது. 1925இல் அந்த உணவு நின்றது. ஊரார் கொடுத்த காசை ஊர்ப் பிள்ளைகளுக்கு எப்படிச் செலவிடுவது என்று மேலிடம் முடிவு செய்த கதை அன்றே தொடங்கிவிட்டது. இதை நினைவில் வையுங்கள். பிறகு இங்கே திரும்ப வேண்டியிருக்கும்.

இப்போது 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் கணக்கைக் கரும்பலகையில் போட்டுப் பார்ப்போம். காவிரி பாயும் நன்செய் ஊர் ஒன்று. மழை பொய்த்தால் பொய்க்கும் புன்செய் ஊர் ஒன்று. இரண்டிலும் நூறு நூறு பிள்ளைகள். இரண்டு ஊரும் ஒரே விகிதத்தில் கல்வி வரி கொடுக்கின்றன. நன்செய் ஊரில் ஆயிரம் ரூபாய் சேர்கிறது. புன்செய் ஊரில் நூறு ரூபாய் சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசு சம பங்கு கொடுக்கிறது. முன்னதற்கு இரண்டாயிரம், பின்னதற்கு இருநூறு. வரி தண்டும்போது இருந்த ஏற்றத்தாழ்வு தொள்ளாயிரம் ரூபாய். அரசு உதவிய பிறகு அது ஆயிரத்து எண்ணூறு ரூபாய்! "உன்னால் முடிந்த அளவு போடு, அதே அளவு நானும் போடுகிறேன்" என்பது காதுக்கு இனிய நீதி. இல்லாதவனுக்கு அதிலே கிடைப்பது இல்லாமையின் இரட்டிப்பு.

"இது நம் நாட்டின் ஏழ்மை, செல்வம் கொழிக்கும் நாடுகளில் இப்படி இராது" என்று யாரேனும் எண்ணினால், அவர்களை அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அங்கே நெடுங்காலமாகப் பள்ளி வட்டாரம் என்ற தனி அமைப்பு உண்டு. வட்டாரத்து வீடுகளுக்கும் கடைகளுக்கும் விதிக்கும் சொத்து வரியே பள்ளிக்குப் பெரும் ஆதாரம். டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரிலே எட்ஜ்வுட் என்ற வட்டாரத்தில் மெக்சிகோ வழிவந்த உழைப்பாளிகள் வாழ்ந்தனர். அதே நகரப் பகுதியில் ஆலமோ ஹைட்ஸ் என்ற வட்டாரத்தில் வெள்ளைச் செல்வர்கள் வாழ்ந்தனர். 1967-68இல் எட்ஜ்வுட் மக்கள் நூறு டாலர் சொத்துக்கு 1 டாலர் 5 சென்ட் வரி கொடுத்தனர். ஆலமோ ஹைட்ஸ் மக்கள் 85 சென்டே கொடுத்தனர். கூடுதல் வீதத்தில் கொடுத்த ஏழை வட்டாரத்தில் ஒரு மாணவனுக்குச் சேர்ந்தது 26 டாலர். குறைந்த வீதத்தில் கொடுத்த செல்வர் வட்டாரத்திலோ 333 டாலர்! மாநில அரசும் மைய அரசும் கொடுத்ததைக் கூட்டிய பிறகும் ஒரு பக்கம் 356 டாலர், மறுபக்கம் 594 டாலர்.

1968இல் எட்ஜ்வுட் மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறி ஊர்வலம் போயினர். தெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற தகரத் தொழிலாளியும் மற்றப் பெற்றோரும் வழக்குத் தொடுத்தனர். 1973 மார்ச்சில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் ஐவர், இது அரசியல் சட்டத்துக்கு முரண் அன்று என்றனர். நால்வர் மறுத்தனர், அந்த நால்வரில் ஒருவர் கறுப்பர் இனத்திலிருந்து அந்த மன்றத்தில் அமர்ந்த முதல் நீதிபதி தர்குட் மார்ஷல். ஒரு வாக்கு! அந்த ஒரு வாக்கிலே தோற்றது ஏழைப் பிள்ளையின் வழக்கு.

வானளாவும் கட்டிடங்கள் நிறைந்த நாட்டிலும், கண்மாய்க் கரையோரத்து நாட்டிலும் பாடம் ஒன்றுதான். தெருவின் செல்வத்தை அளந்து பள்ளி நடத்தினால், பள்ளி அந்தத் தெருவின் ஏழ்மையையே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும். முன்பு பிறப்பு கதவை அடைத்தது. பிறகு பிறந்த ஊரின் தீர்வைக் கணக்கு அடைத்தது.

விடுதலை பெற்ற பிறகு தமிழகம் இதிலிருந்து மெல்ல மெல்ல விலகிற்று. அந்த விலகலும் போராட்டத்தோடுதான் வந்தது. 1953இல் ராஜாஜி அரசு ஊரகத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்றது. பள்ளிகள் போதவில்லை, பணம் போதவில்லை, ஒரே பள்ளியில் இரண்டு அணியாகப் பிள்ளைகளை வைக்கலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பணம் போதாதபோது யாருடைய நேரத்தை வெட்டினார்கள் என்பதைக் கவனியுங்கள்! குலக்கல்வி என்று நாடே கொதித்தெழுந்தது. 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. 1956இல் பகலுணவு மீண்டும் வந்தது. 1958 முதல் கல்வித்துறைத் தலைவர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலே ஊரார் நிலமும் கட்டிடமும் நாற்காலியும் கரும்பலகையும் உவந்து கொடுத்தனர். 1871இல் பள்ளிக்கு வரி என்றதும் எதிர்த்த மக்களின் பேரர்கள், கேட்காமலே கொடுத்தார்கள். ஏன்? அது தம் பிள்ளை அமரும் பள்ளி என்று கண்டதால்!

ஊராட்சி ஒன்றியங்கள் 1960ஐ ஒட்டி அமைந்தபோது ஜில்லா போர்டுகளின் தொடக்கப் பள்ளிகள் அவற்றின் கைக்கு வந்தன. வசதி குறைந்த ஒன்றியத்துக்குக் கூடுதல் விகிதத்தில் மானியம் என்ற முறையும் வந்தது. "உன் அளவுக்கு என் அளவு" என்ற பழைய நீதி, "உன் குறைவுக்கு என் நிறைவு" என்று மாறத் தொடங்கியது. பின்னர் 1981 சூன் முதல் நாளிலே ஒன்றிய, நகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களாயினர். தஞ்சைப் பள்ளி ஆசிரியருக்கும் திருமயத்துப் பள்ளி ஆசிரியருக்கும் ஒரே கருவூலம், ஒரே ஊதிய வீதம். வீட்டு வரி தேறாத ஊரிலும் ஆசிரியர் உண்டு. எட்ஜ்வுட் மக்கள் நீதிமன்றத்தில் கேட்டுத் தோற்றதில் ஒரு பெரும் பங்கை நாம் ஆணை ஒன்றின் மூலம் பெற்றோம். இதைப் பெருமையோடு சொல்லலாம்; சொல்லவேண்டும்.

ஆனால் பெருமை பேசி முடித்துவிட முடியவில்லை. ஏழு பேர் வந்த கூட்டம் என் கண்முன் நிற்கிறது.

செலவு முழுவதும் தொலைவிலிருந்து வரத் தொடங்கியதும் இரண்டு தீமைகள் முளைத்தன. ஒன்று, பணம் தொலைவுக்குப் போகப் போக, அதைத் தடுக்கும் கையும் தொலைவுக்குப் போகிறது. 1976இல் கல்வி, மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. 2004 முதல் ஒன்றிய அரசு கல்வியின் பெயரால் கூடுதல் தீர்வை தண்டுகிறது. அத்தகைய தீர்வைகள் மாநிலங்களோடு பங்கிட்டுக்கொள்ளும் வரித் தொகுப்பில் சேர்வதில்லை. 2024-25இல் பள்ளிக் கல்விக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை, ஒன்றிய அரசின் வேறொரு திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக, தமிழகத்துக்குக் கொடுக்காமல் நிறுத்தினர். 2025 மே திங்களில் தமிழக அரசு உச்ச நீதிமன்றம் போக நேர்ந்தது. 1925இல் ஆயிரம் விளக்குப் பிள்ளையின் சோற்றை நிறுத்திய அதே குரல்! வரி நம்முடையது, பிள்ளை நம்முடையது, கைச்சாத்து மட்டும் வேறொருவருடையது.

மற்றொன்று, ஊரார் மனத்திலே "இது என் பள்ளி" என்ற எண்ணம் தேய்ந்தது. வசதி வந்தவர் பிள்ளையை ஆங்கிலப் பள்ளியின் மஞ்சள் வண்டியில் ஏற்றி அனுப்பினார். வசதி இல்லாதவர், கேட்கும் உரிமை தமக்கு உண்டு என்பதையே மறந்தார். புதுக்கோட்டை நகராட்சி 2024இல் மாநகராட்சி ஆனபோது, அதனோடு இணையும் சிற்றூர்களில் எழுந்த பேச்சு என்ன? வரி கூடுமே என்ற கவலை. நூறு நாள் வேலை போய்விடுமே என்ற அச்சம். இரண்டும் நியாயமான கவலைகளே. ஆனால் நான் சென்ற தேநீர்க் கடைகளிலே, "கூடுதல் வரி கொடுத்தால் பள்ளிக்கு என்ன கிடைக்கும்?" என்று எவரும் கேட்கக் கேட்டதில்லை. ரசீதை நீட்டிய அந்த முதியவர் ஒருவரே கேட்டார்.

மக்கள் பள்ளியைத் தமதாக எண்ணினால் என்ன நடக்கும் என்பதற்கு வெளிநாடு தேட வேண்டாம். 1991, 1992 ஆண்டுகளில் இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்றார். ஊதியம் பெறாத இளைஞர்கள் இரவு விளக்கொளியிலே எழுத்துச் சொல்லிக் கொடுத்தனர். கல்லுடைக்கும் பெண்கள் கையெழுத்துப் போடக் கற்றனர். பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி ஏறிச் சாலையிலே சென்றனர். 1992 ஆகஸ்டில் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்ற அறிவிப்பு வந்தது. ஒரு காலத்தில் திரை கட்டி ஒரு பெண்ணைப் படிக்க வைத்த ஊரிலே, திரையில்லாமல் தெருவெல்லாம் பெண்கள் படித்தனர். அரசு பணம் கொடுத்தது. ஊர் தன்னைக் கொடுத்தது. இரண்டும் சேர்ந்தபோதுதான் அது நடந்தது.

எனவே வரலாறு காட்டும் வழி இதுவே: பணம் பொதுவிலே சேரட்டும், கண்காணிப்பு ஊரிலே இருக்கட்டும். பணத்தை ஊருக்கு ஊர் பிரித்துவிட்டால் ஏழை ஊர் மூழ்கும். கண்காணிப்பையும் தலைநகருக்கு அனுப்பிவிட்டால் எல்லா ஊரும் உறங்கும். இந்தக் கண்காணிப்புக்கு இன்று சட்டமும் துணை நிற்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் மேலாண்மைக் குழு வேண்டும்; அதிலே நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்; மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். எந்த மன்னரும் கொடுக்காத உரிமை அது. அக்குழு கூடுகிறதா? வரவு செலவைக் கேட்கிறதா? பகுத்தறிவு பேசும் நாம் நம் தெருப் பள்ளியின் கூட்டத்துக்கு ஒரு நாளாவது போயிருக்கிறோமா?

அந்த முதியவரை மறுமுறை கண்டேன். நான் அறிந்ததைச் சொன்னேன்: "ஐயா, இந்த ரசீதிலே பள்ளிக்கூடம் இல்லை. ஆனால் நீங்கள் வாங்கும் சோப்பிலும் எண்ணெயிலும் கட்டுகிற வரியெல்லாம் போய்த்தான் எனக்குச் சம்பளமாக வருகிறது. எனக்குப் படியளப்பவர் நீங்கள்தான்."

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படின்னா அடுத்த கூட்டத்துக்கு நாலு பேரை நானே கூட்டிக்கிட்டு வர்றேன் தம்பி, கழிப்பறைக்கு ஏன் தண்ணி வரலேன்னு கேக்கணும்" என்றார்.

கேட்கட்டும்! எழுவர் பதினொருவர் ஆகட்டும். பதினொருவர் ஊர் ஆகட்டும். வரி கொடுத்தவர் பிள்ளை எங்கே என்று நூற்றைம்பது ஆண்டுகளாகக் கேட்கப்படாத கேள்வியை, பள்ளியின் வாசலிலேயே நின்று அவர்கள் கேட்கட்டும். விடை சொல்ல நாங்கள், ஆசிரியர்கள், காத்திருக்கிறோம்.